ரொனிக்கு மட்டும்

கழுத்தில் தொங்கிய அட்டையில் 'டொக்டர் டில்ஷானி' என்றிருந்தது. அதை மாட்டிக்கொண்டிருந்த யோசெப்பினுக்கு மருத்துவத்தில் தெரிந்ததெல்லாம் பெனடோல் குளிசையும் சித்தாலேபைத் தைலமும்தான். வராமல் போன ஒரு டொக்டரின் அட்டையைக் கொடுத்து அவளை உள்ளே விட்டது, அந்த வெள்ளவத்தை ஹோட்டலில் வரவேற்பில் நிற்கிற தங்கை மகள் றேணுகா.

மாநாட்டு மண்டபத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கப்பால் கடல். வந்தவர்கள் எல்லாரும் கடல் தெரிகிற மாதிரி வட்ட மேசைகளில் இடம் பிடித்தார்கள். யோசெப்பின் மட்டும் கடலுக்கு முதுகு காட்டுகிற கதிரையாகத் தேடி உட்கார்ந்தாள்.

மேடையில் டொக்டர் நமசிவாயம் இங்கிலீஷில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். புற்றுநோயாளியின் இரத்தத்திலிருந்தே கலங்களைப் பிரித்தெடுத்து, நோயை அடித்து விரட்டப் பழக்கி, பெருக்கி, உறையவைத்து, திரும்ப அவருக்கே ஏற்றுகிற மருந்து. அதை வெளிநாட்டில் அல்ல, இங்கேயே ஒருகொடவத்தையில், கொள்கலன் யார்டுகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் செய்து காட்டிய கதை.

"முதல் நோயாளியின் மருந்து தயார். இனி நோயாளி வரவேண்டியதுதான் பாக்கி" என்று அவர் முடித்தார். மண்டபம் கைதட்டியது. அந்த முதல் நோயாளியைப் பெற்றவள் கையை மடியில் வைத்தபடியே இருந்தாள்.

ஆய்வுகூடத்து வாசலில் காவலாளி அவளை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டான். இன்றைக்கு விட்டால் இந்த மனுஷனை வேறெங்கும் பிடிக்க முடியாது. தேநீர் இடைவேளையில் நமசிவாயம் பற்றீஸும் கையுமாக ஓரமாக வந்தபோது, யோசெப்பின் குறுக்கே போய் நின்றாள்.

"டொக்டர், நான் ரொனிட அம்மா. கொட்டாஞ்சேனை."

"அம்மா, உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறம். ரொனியின்ர ஃபோனுக்கு எத்தினை தரம் எடுத்தாச்சு, ஓஃபிலயே கிடக்கு. ரெண்டு கிளினிக்குக்கும் ஆளைக் காணேல்ல. கடைசியா வந்தப்ப நல்லாச் சிரிச்சுக் கதைச்சவன், ஏன் இப்பிடிச் செய்யிறான்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. பற்றீஸில் ஒரு கடி கடித்தார்.

"அந்த மருந்து இருக்குதானே டொக்டர்?" என்று யோசெப்பின் கேட்டாள்.

"பத்திரமா இருக்கு. கரண்ட் போனாலும் ஒண்டும் ஆகாது."

"அது அவன்டதானே? வேற யாருடதும் கலந்திருக்காதே?"

"அவன்ர உடம்பில இருந்து எடுத்தது அம்மா. ரொனிக்கு மட்டும்தான். வேற ஆருக்கும் குடுக்கேலாது. இப்ப உறைஞ்சு போய் நித்திரை கொள்ளுது, அவ்வளவுதான். உயிரோடதான் இருக்கு."

அந்தச் சொல்லில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நமசிவாயத்துக்கும் மனம் குளிர்ந்தது. தாய் வழிக்கு வந்துவிட்டாள், இனி மகனும் வந்துவிடுவான் என்று நினைத்தார்.

"அப்ப அத என்ட கையில குடுங்க டொக்டர். சனிக்கிழமைக்கு முந்தி வேணும்."

"கையில குடுக்க அது என்ன கடையில விக்கிற மாலுபாணா? வாட்டில சேர்த்து அங்க வச்சுத்தான் ஏத்தவேணும். சரி, சனிக்கிழமை என்ன?"

"வீட்டுக்கு ஃபாதர் வாரார். செபம் பண்ண."

நமசிவாயத்துக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த மருந்துக்கு அனுமதி வாங்க எத்தனை அதிகாரிகளின் வாசலில் தவம் கிடந்தார், எத்தனை பேரின் நக்கலைக் கேட்டார். நாட்டின் பெரிய தலைகளெல்லாம் வந்திருக்கிற இடத்தில், அத்தனை உழைப்பும் ஒரு செபத்துக்காகக் காத்துக் கிடக்கிறது. மீதிப் பற்றீஸை அருகிலிருந்த மேசையில் வைத்தார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. நான் செபத்துக்கு எதிரி இல்ல, நானும் கோயிலுக்குப் போறவன்தான். ஆனா இரத்தப் புற்றுநோய் ஃபாதர் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நிக்காது. பிள்ளையை வீட்டில வச்சு எண்ணெய் பூசிக்கொண்டிருந்து, நாளைக்கு அவனுக்கு ஒண்டு நடந்தா அதுக்கு நீங்கள்தான் காரணம்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யோசெப்பின் சண்டை பிடிக்கவில்லை. அவர் திட்டி முடிக்கட்டும் என்று பொறுத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"முழுக்க வேணாம் டொக்டர். கொஞ்சம் போதும். ஒரு சின்னப் போத்தல்ல."

"உங்களுக்கு நான் சொல்லுறது விளங்கேல்லையே? அந்தக் குளிரில இருந்து வெளியில எடுத்தா, நீங்கள் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர முந்தி அவ்வளவும் செத்துப்போகும்."

"செத்தாலும் பரவால்ல."

கவலையில் மனுஷிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நமசிவாயத்துக்குத் தோன்றியது. கோபம் வடிந்து, பாவமாகவும் இருந்தது. சின்னப் பிள்ளையிடம் கதைக்கிற மாதிரிக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"செத்துப்போனதைக் கொண்டுபோய் மகனுக்கு என்னம்மா செய்யப்போறீங்கள்?"

"அடக்கம் பண்ணத்தான் டொக்டர். அவன்ட உடம்ப இன்னும் கடல் தரல்ல."