எந்தக் கோடு அறுந்தாலும்

"உன்ன யாருண்ணே குத்தம் சொன்னது? லைன் கெடைக்காததுக்கு நீ என்ன செய்வ?"

தங்கை குமுதா தேநீரை நீட்டினாள். அப்பாவின் காரியம் முடிந்து, தோட்டத்து ஜனங்கள் லயத்து வாசலிலிருந்து கலைந்துகொண்டிருந்தார்கள்.

யோகேந்திரன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கேமரன் மலையின் தொலைபேசிக் கோபுரங்களைப் புள்ளிகளாகவும் கேபிள்களைக் கோடுகளாகவும் வரைந்து, கோட்டுருக் கணக்குப் போட்டு அந்த வலையமைப்பை உருவாக்கியவனே அவன்தான். எந்தக் கோடு அறுந்தாலும் அழைப்பு வேறு வழியில் போய்ச் சேரும் என்பது அவன் பெருமை.

"நெஞ்சு வலியோட அப்பா உனக்கு அஞ்சு தடவ போன் அடிச்சிருக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போக பக்கத்து வீட்டுல லோரியில ஏறச் சொன்னாங்களாம். மகன் காரோட வந்துருவான்னு ஒக்காந்திருந்தாராம். அன்னைக்குன்னு பார்த்து கோலா தெர்லாவுல மண்ணு சரிஞ்சு கேபிள் அந்துபோச்சு" என்றாள் குமுதா.

கங்காணி செல்வராஜு அவன் தோளைத் தொட்டார். "மலைக்கு முன்னால உன் கணக்கு எம்மாத்திரம் தம்பி? விடு லா."

"ஆமா மாமா, என் கணக்கு தப்பிருச்சு" என்றான் யோகேந்திரன். தன் வேலையை அவன் குறைசொன்னது அதுதான் முதல் தடவை.

கணக்கு தப்பவில்லை. ஐந்து அழைப்புகளும் கம்போங் ராஜா வழியாகச் சுற்றி அவன் கைக்கு வந்து சேர்ந்தன. அன்று தானா ராத்தா ஊரில் நடந்த கூட்டத்தில், எது அறுந்தாலும் அழைப்பு நிற்காது என்று அதிகாரிகளுக்கு விளக்கிக்கொண்டே ஐந்தையும் துண்டித்தவன் அவன்தான்.