பத்தாவது தும்மல்

மாப்பிள்ளை ஒன்பதாவது தடவை தும்மிய இடத்தில் படத்தை நிறுத்தினேன்.

திரையில் அவன் வாயைப் பிளந்து, கண் சொருகி, மூக்கு விடைத்து நின்றான். கையிலிருந்து நழுவிய பேனா பதிவேட்டுக்கும் தரைக்கும் நடுவில் தொங்கியது. இருபத்தைந்து வருடமாக ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற இடம் இது.

அந்த மாப்பிள்ளை நான்தான். நடித்தது வேறு ஆள், தும்மல் என்னுடையது.

எழுதி இயக்கியவன் என் அறைத்தோழன். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம், ஒரே சோப்பைத் தேய்த்தோம். பதிவு அலுவலகத்தில் என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவன். அங்கே அடுக்கியிருந்த பழைய கோப்புகளின் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெண் வருவதற்குள் ஒன்பது முறை தும்மிவிட்டேன். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணியவன், பெண் வந்துவிட்டாளா என்று பார்த்து வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கிப் போனான்.

அதன் பிறகு அவன் மேலே வரவே இல்லை.

இரண்டு வருடம் கழித்துப் படம் வந்தது. மணப்பெண்ணின் பெயரைக்கூட அவன் மாற்றவில்லை. அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அவள் வெறுங்காலோடு மாடிப்படியில் ஓடியது, கீழே மோட்டார் சைக்கிளோடு அவன் காத்து நின்றது, எல்லாம் அதில் இருந்தன.

சிறந்த படம், சிறந்த திரைக்கதை என்று விருதுகள் குவிந்தன. என் தும்மலுக்கே ஒன்று கிடைத்தது: சிறந்த நகைச்சுவை நடிகர். மேடையில் அவன், பெயர் தெரியாத ஒரு மூக்குக்கு நன்றி சொன்னான். அரங்கமே கைதட்டியது.

பெயர் தெரியாதாம். ஒரே சோப்பு!

பெரியப்பா பையன் தியேட்டரிலேயே கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்குப் பட்டப்பெயர் ‘ஒன்பது’. நான் கைக்குட்டையை எடுத்தால் போதும், வாண்டுகள்கூட எண்ண ஆரம்பித்துவிடும்.

இப்போது படத்துக்கு வெள்ளி விழா. பிரதியைத் துடைத்துப் புதுசாக்கி மறுபடி வெளியிடுகிறார்கள். ஞாயிறு இணைப்பில் முழுப் பக்க விமர்சனம். பத்திரிகை ஆசிரியர் அதை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். பாவம், அவருக்கு என் மூக்கின் வரலாறு தெரியாது.

மறைப்பானேன், பழி வாங்கத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் பத்திரிகையில் விமர்சனத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டுவார்கள். கடைசியில் கட்டத்துக்குள் வரும் ஒற்றை வரியை மட்டும் தொட மாட்டார்கள். மறுநாள் அதைத்தான் போஸ்டரில் பெரிய எழுத்தில் அடிப்பார்கள், எழுதியவர் பெயரோடு. திட்டினால் அடிக்க மாட்டார்கள். ஆகவே அது பாராட்டு மாதிரியும் இருக்க வேண்டும், அவன் தெருவுக்குத் தெரு பார்த்துப் பார்த்து வேகவும் வேண்டும்.

காலையிலிருந்து ஒன்றும் அமையவில்லை. ‘தூசி படியாத காதல்’ என்று எழுதி அடித்தேன். ‘மூக்கால் ஜெயித்த படம்’ என்று எழுதினேன், அது என்னையே குத்தியது. பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

படம் நன்றாக இருப்பதுதான் பெரிய வயிற்றெரிச்சல். மோசமாக எடுத்திருந்தால் என்றைக்கோ மன்னித்திருப்பேன்.

மனைவி காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தாள். இந்தப் படம் எங்கே ஓடினாலும் எழுந்து போய்விடுகிறவள். இத்தனை வருடத்தில் ஒரு காட்சிகூடப் பார்த்ததில்லை. நானும் பார்க்கச் சொன்னதில்லை. அதைப் பார்த்துவிட்டு அவள் என்னைப் பார்த்தால் அந்த முகம் எப்படி இருக்குமோ என்று பயம்.

இன்று என்னவோ துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஓட விடு என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

தும்மல் முடிந்தது. மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள், ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள். கீழே கதாநாயகன் வண்டியில் சாய்ந்து நின்று, ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்த அந்த வசனத்தை மூன்று நிமிடம் பேசினான்.

நான் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன்.

முதலில் உதடு துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மடித்த துணியெல்லாம் சரிய, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“இவ்ளோ அழகாவா பேசினான்? ‘அந்தத் தும்மலான் வேணாம், சீக்கிரம் வண்டியில ஏறு’ன்னுதானே என்கிட்ட கத்தினான்!”

என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். தாளைத் தன் பக்கம் திருப்பி, காலியாகக் கிடந்த கட்டத்துக்குள் மூன்றே சொற்கள் எழுதினாள்.

‘முடிவு மட்டும் கற்பனை.’

அதன் கீழே இருந்த என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். ஊருக்கு அது கதாநாயகியின் பெயர். யாரோ குறும்பு செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவன் மட்டும் அப்படி நினைக்க மாட்டான்.

சரிந்த துணிகளிலிருந்து கிளம்பிய தூசி மூக்கில் ஏறியது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

“பத்து” என்றாள்.

அன்று அவன் எண்ணாமல் விட்டது அந்தப் பத்தாவதைத்தான். அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி, வெறுங்காலோடு பதினெட்டுப் படியும் ஏறி, மூச்சிரைக்க அவள் உள்ளே வந்தபோது நான் தும்மியது.