நாளைய விமானத்தில் வருபவர்கள்

பிரதம மந்திரி இன்னும் முடித்தபாடில்லை.

ரோடி மெக்காஸ்கில் சமையலறை நாற்காலியின் விளிம்பில், ரேடியோவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். மணி ஆறே கால். வழக்கமாக இந்நேரம் நாளைய விமானப் பட்டியலைப் படித்து முடித்திருப்பார்கள். இன்று தீவுக்காரர்களுக்கான பண்டிகை வாழ்த்தை அதற்கு முன்னால் செருகிவிட்டார்கள்.

"இந்த இருண்ட குளிர்காலத்தில்..." என்றார் பிரதம மந்திரி, லண்டனிலிருந்து.

ஜன்னலுக்கு வெளியே, பூமியின் தென்கோடியில், டிசம்பர் மாதத்துக் கோடை வெயில் இறங்க மனமில்லாமல் நின்றது. ஆடுகளில் பாதிக்கு ரோமம் கத்தரித்தாயிற்று.

மேசை மேலிருந்த, பண்ணைக்குப் பண்ணை பேசும் ரேடியோ கரகரத்தது. கடல் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரி மேவிஸ்.

"பாவம், மனுஷன் கம்பளியைப் போர்த்திக்கிட்டுப் பேசறார் போல. நம்ம தீவு எங்க இருக்குன்னு கேட்டா வரைபடத்துல ஆப்பிரிக்காவைத் தடவுவார்."

வேறு நாளாக இருந்தால் ரோடியும் தன் பங்குக்கு இரண்டு சொல்லியிருப்பார்.

பட்டியலில் எஃபியின் பெயர் வருமா, வராதா? அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஏப்ரலில் வைத்தியத்துக்காக லண்டன் போனவள். சனிக்கிழமை பெரிய விமானத்தில் தலைநகர் ஸ்டான்லி வரை வந்தாயிற்று. இனி ஹெரன் தீவுக்கு மிச்சம் அரை மணி நேரம்தான், எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானத்தில்.

அந்தச் சின்ன விமானத்தில் யார் எந்தத் தீவுக்குப் போகிறார்கள் என்று முந்தின நாள் மாலையே ரேடியோவில் பெயர் சொல்லிப் படித்துவிடுவார்கள். எல்லாப் பண்ணைகளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். யார் விருந்துக்குப் போகிறார்கள், யார் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள், எல்லாம் வெட்டவெளிச்சம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எஃபிக்கு அந்தப் பட்டியல் என்றால் உயிர். தன் பெயர் வரும் நாளில், ஸ்டான்லியில் தன் அக்காள் வீட்டு ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொல்வாளாம். இங்கே ரோடியும் சத்தமாகத்தான் வைப்பார். முப்பத்தெட்டு வருடமாக அவள் வீடு திரும்புகிற செய்தி அவருக்கு அப்படித்தான் வந்திருக்கிறது.

சீட்டுப் பதியும்போது எடையையும் சொல்ல வேண்டும். சின்ன விமானம், ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாதே. எஃபி கூசாமல் ஆறு கிலோ குறைத்துச் சொல்வாள்.

"உன் பொய்யாலேயே ஒரு நாள் விமானம் கடல்ல விழப்போகுது பாரு," என்பார் ரோடி.

"விழுந்தா உங்களுக்கு நிம்மதிதானே," என்பாள்.

இந்த முறை சீட்டுக்குச் சொன்னது ரோடிதான். விமான அலுவலகத்து ஜென்னா பிடி கொடுக்கவில்லை. "பட்டியல்ல பேர் போடறது என் கையில இல்ல ரோடி. பண்டிகை நேரம், சீட்டுக்கு அடிதடி. மேல கேட்டுப் பார்க்கறேன்." அதோடு சரி. இன்னொரு தரம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் காலையிலேயே புல் ஓடுதளத்திலிருந்து காட்டு வாத்துகளை விரட்டிவிட்டார். ஓடுதளத்தில் காற்றின் திசை காட்டும் துணிப் பையின் கிழிசலைத் தைத்தார். அது எஃபியின் வேலை. அவர் போட்ட தையலைப் பார்த்து நாய்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

எட்டு மாதமாக அந்த நாயோடுதான் பேச்சு. போகப் போகப் பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பழகவில்லை.

"எவ்வளவு தொலைவில் இருந்தாலும், உங்களில் ஒருவரையும் நாங்கள் மறக்கவில்லை," என்றார் பிரதம மந்திரி.

"எங்கே, ஒருத்தி பேரைச் சொல்லுங்க பார்ப்போம்," என்று ரோடி ரேடியோவைப் பார்த்து வாய்விட்டே கேட்டார்.

வாழ்த்து முடிந்தது. கொஞ்சம் பாட்டு. பிறகு பட்டியல். படிக்கிற பெண் எப்போதும் போலக் கடகடவென்று படித்தாள். மேற்குத் தீவுகள், வடக்குத் தீவுகள், பண்டிகைக்குப் போகிற குடும்பங்கள், குழந்தைகள்.

"ஹெரன் தீவுக்கு..."

நிறுத்தினாள். காகிதம் சலசலத்தது. ரோடி சத்தத்தைக் கூட்டினார்.

"ஹெரன் தீவுக்கு, ஒரு பயணி. திருமதி எஃபி மெக்காஸ்கில்."

இந்தப் பெயரை மட்டும் அவள் நிதானமாகப் படித்தாள்.

ஒரு பெயர் வந்தால் போதும், பேசும் ரேடியோவில் கேலியும் கிசுகிசுவும் கிளம்பிவிடும். இன்று எந்தப் பண்ணையிலிருந்தும் சத்தமில்லை. வெகுநேரம் கழித்து மேவிஸின் குரல் வந்தது.

"பேரைச் சொல்லிட்டாங்க ரோடி. நாங்க எல்லாரும் கேட்டோம்."

ரோடி பதில் சொல்லப் பொத்தானை அழுத்தினார். விட்டுவிட்டார்.

சீட்டுக்குச் சொன்ன அன்று ஜென்னா முதலில் கேட்டது சீட்டு எதற்கு என்றுதான். "சாம்பல்தானே ரோடி, சரக்கோட பத்திரமா வெச்சு அனுப்பிடறோமே."

சரக்குக்குப் பெயர் படிக்க மாட்டார்கள்.

"அவ எப்பவும் பேரோடதான் வீட்டுக்கு வந்திருக்கா," என்றார் அவர்.

ஜென்னா படிவத்திலிருந்த அடுத்த கேள்வியைக் கேட்டாள். எடை?

"மூணு கிலோ," என்றார் ரோடி. "பெட்டியோட சேர்த்து. இந்த வாட்டி பொய் இல்ல."