கலெக்டர் வருகிறார்!

"இன்னைக்கு மாட்டுனா சார் அவ! நீங்க உங்க கண்ணாலயே பாக்கப் போறீங்க."

அறிவுச்செல்வனுக்கு உற்சாகத்தில் கால் தரையில் பாவவில்லை. அவன் 'தினத்தூது' நாளிதழின் கறம்பக்குடி நிருபர். அவன் கூப்பிட்டதற்காகப் புதுக்கோட்டையிலிருந்து காரில் வந்து இறங்கியிருந்தார், அவனுடைய மேலதிகாரி மலையாண்டி.

இறங்கியவர் அசந்துபோனார். போன மழைக்கு உடைந்த தரைப்பாலத்தின் அருகே திருவிழாக் கூட்டம்! கையில் மனுவோடு பெண்கள், சீருடையில் பள்ளிப் பிள்ளைகள். அவித்த கடலை விற்கிறவர்கூடக் கடை விரித்துவிட்டார்.

"யாருய்யா இவ்வளவு பேரையும் கூட்டுனது?"

"அந்த சாமியாதான் சார். 'கறம்பக்குடி சேதி'ன்னு ஃபேஸ்புக் பேஜ் நடத்துதே, அந்தப் பொண்ணு. நேத்து சாயங்காலம் போட்டிருக்கா பாருங்க. உடைஞ்ச பாலத்தைப் பாக்க இன்னைக்குப் பத்து மணிக்குக் கலெக்டர் வர்றாராம்!"

மலையாண்டி பதறினார். "கலெக்டரா? நம்ம பேப்பர்ல ஒரு வரி இல்லையேய்யா! இதைத்தானே நானும் தலையால அடிச்சுக்கிறேன். எது நடந்தாலும் அந்தப் பொண்ணு முந்திக்குது. மறுநாள் நம்ம பேப்பர் வந்தா, 'இது நேத்தே தெரியுமே'ன்னு வடை மடிக்கக் கிழிச்சுடுறாங்க. அடுத்த மாசத்துல இருந்து கறம்பக்குடிக்குத் தனி நிருபரே வேண்டாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. தெரியும்ல?"

"அதுக்குத்தான் சார் உங்களைக் கூப்பிட்டேன். கலெக்டர் வரலை!"

"என்னது?"

அறிவுச்செல்வன் குரலைத் தாழ்த்தினான். "அது நான் விட்ட புருடா சார். நான் எழுதுற செய்தி உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடி அவ பேஜ்ல வந்துடுது. என் போனை ஹேக் பண்றாளோன்னு சந்தேகம். அதான் நேத்து மத்தியானம் வேணும்னே ஒரு பொய்ச் செய்தியைப் போன்ல ஏத்தி வச்சேன். யாருக்கும் அனுப்பலை. சாயங்காலம் பாத்தா அவ பேஜ்ல! விசாரிக்கிறது கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. இன்னும் கொஞ்ச நேரத்துல ஜனம் அவளைப் பிடிச்சு உலுக்கப் போகுது. அதை அப்படியே படம் எடுத்து முதல் பக்கத்துல போடுவோம் சார். பேப்பர்னா என்ன, பேஜ்னா என்னன்னு ஊருக்கே புரியட்டும்!"

மலையாண்டிக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "அட, பலே ஆளுய்யா நீ! இது மட்டும் நடக்கட்டும், உன் வேலைக்கு நான் பொறுப்பு."

கூட்டத்தின் நடுவே செல்போனை உயர்த்திப் பிடித்திருந்த சாமியா, இவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். கடைத்தெருவில் டீக்கடை வைத்திருக்கும் கிபாயத்துல்லாவின் மகள்.

"வாங்கண்ணே, வாங்க சார்! இங்கிட்டு வந்து நில்லுங்க. அங்கிட்டு நின்னா வெயில் மூஞ்சியில அடிக்கும், படம் சரியா வராது."

"படம் எடுக்கத்தான் வந்திருக்கோம்" என்று அறிவுச்செல்வன் மலையாண்டியைப் பார்த்துக் கண்ணடித்தான். "ஏம்மா, இந்தச் சேதி ஒனக்கு எப்படிக் கெடச்சுது? என் போனை ஹேக் பண்ணித்தானே?"

"ஹேக்கா?" சாமியாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தெனமும் மத்தியானம் எங்க அத்தா கடையில உக்காந்துக்கிட்டு, போனை வாய்கிட்ட வச்சு, 'கறம்பக்குடி அருகே, கமா'ன்னு கத்திக் கத்திச் சொல்லி ஏத்துறீங்க. கடையே கேக்குது. எனக்கு மட்டும் காது இல்லையாண்ணே?"

மலையாண்டி திரும்பிப் பார்த்த பார்வையில் அறிவுச்செல்வனுக்கு மானம் போயிற்று. ஆனாலும் விடவில்லை.

"சரி, கேட்டே. கேட்டதை அப்படியே போட்டுருவியா? மணி பத்தாச்சு. எங்கம்மா ஒன் கலெக்டர்?"

"அந்தா வர்றாங்கள்ல!"

தூசியைக் கிளப்பிக்கொண்டு வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. பின்னால் இரண்டு ஜீப். இறங்கியவர் சாட்சாத் கலெக்டரேதான்! கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்கி அக்கரைவரை நடந்தார். திரும்பி வந்து மனுக்களை வாங்கினார். "புதுப் பாலத்துக்கு இன்னைக்கே எழுதுறேன்" என்று அவர் சொன்னதும் விசில் சத்தம் காதைப் பிளந்தது.

"யோவ், வரமாட்டார்னு சொன்னியே!" என்று பல்லைக் கடித்த மலையாண்டி, சாமியாவின் போனை வாங்கிச் செய்தியைக் கடைசிவரை படித்தார். முகம் சட்டென்று மலர்ந்தது. "இங்க பாருய்யா! 'தகவல்: நிருபர் அறிவுச்செல்வன், தினத்தூது.' எல்லாச் செய்திக்கும் கீழே போட்டிருக்கே இந்தப் பொண்ணு! நீ பாக்கவே இல்லையா?"

அவன் எங்கே பார்த்தான்? தலைப்பைப் படித்ததுமே வயிறெரிந்து மூடிவிடுவதுதான் அவன் வழக்கம். அவளுடைய பேஜிலிருந்து அவன் படம் பிடித்து அனுப்பும் தலைப்புகளைப் பார்த்ததோடு மலையாண்டியும் நின்றுவிடுவார்.

"இதை மேல காட்டுறேன். உன் வேலையை எவன் தொடுறான்னு பாத்துடுவோம்!" என்று சொல்லிவிட்டுக் கலெக்டரிடம் பேட்டி எடுக்க ஓடினார் மலையாண்டி.

அறிவுச்செல்வன் குழம்பிப்போய் நின்றான். "சாமியா, அது நானா இட்டுக்கட்டுன பொய்ம்மா. அது எப்படி நிசமாச்சு?"

"பொய்னு நேத்தே தெரியும்ணே. நீங்க சொல்லி முடிச்சதும் கலெக்டர் ஆபீசுக்குப் போன் போட்டு விசாரிச்சேன், அப்படி ஒரு ப்ரோக்ராமே இல்லைன்னாங்க" என்றாள் சாமியா. "'ஏன் சார் இல்லை, எங்க ஊரு பிள்ளைக தண்ணியில எறங்கிப் பள்ளிக்கூடம் போறதை வந்து பாருங்க'ன்னு நான்தான் கூப்பிட்டேன்; வர்றோம்னு அவங்க சொன்ன பெறகுதாண்ணே பேஜ்லயே போட்டேன்!"