அடிபடாத வண்டி

மெக்கானிக் பழைய வண்டியின் பானெட்டை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்.

கணீரென்றது.

பக்கத்தில் நின்ற புதிய வண்டியையும் தட்டினார். அது பிஸ்கட் டப்பாவைப் போல ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

"கேட்டீங்களா சார்? ரெண்டும் ஒரே ஜப்பான் கம்பெனி. வண்டிக்குப் பேருகூட ஒண்ணுதான். நடுவுல இருபது வருஷம். என்னமா வித்தியாசம் பாருங்க."

வாங்க வந்தவன் தலையாட்டினான். கல்யாணமாகி மூன்று மாதமாம். மனைவியின் கைப்பையைத் தன் தோளில் மாட்டியிருந்தான். அதில் அவனுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

பழைய வண்டியின் சொந்தக்காரன் ஷெட்டின் தூணில் சாய்ந்து நின்றான். வண்டியை இன்றே தள்ளிவிட வேண்டும். அதற்காக ஆபீசில் அரை நாள் லீவு சொல்லியிருந்தான்.

விற்கச் சொன்னது மச்சினன். முந்தாநாள் அவனே வந்து சாவியை வாங்கி, வண்டியை இங்கே கொண்டுவந்து விட்டுப் போனான். "இனிமே இது நம்ம வாசல்ல நிக்க வேணாம் மாமா" என்றான்.

இவன் சரி என்றான். இப்போதெல்லாம் யார் என்ன சொன்னாலும் சரிதான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறான். படுக்கச் சொன்னால் படுக்கிறான்.

மெக்கானிக்குக்குக் கச்சேரி களைகட்டிவிட்டது.

"பழசு சொன்ன பேச்சு கேக்கும். புதுசு இருக்கே, அது புது மாப்பிள்ளை மாதிரி. எதைத் தொட்டாலும் கோவிச்சுக்கும், உடனே ஒரு லைட்டு எரியும். பெல்ட்டு போடலேன்னா கத்தும். பின்னால எடுத்தா கத்தும். வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை போதாதா சார்?"

"அப்ப என்னையும் சேத்துத்தான் சொல்றீங்க" என்றான் வாங்க வந்தவன்.

"மூணு மாசந்தானே ஆகுது. போகப் போகத் தெரியும்" என்றாள் அவன் மனைவி.

சொல்லிக்கொண்டே பழைய வண்டியின் கதவைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். பிறகு மடக்கி, மறுபடியும் நீட்டினாள்.

"ஏங்க, இந்த சீட்டு எனக்குன்னே அளவெடுத்துத் தள்ளி வெச்ச மாதிரி இருக்கு."

தூணில் சாய்ந்திருந்தவன் தன் செருப்பைப் பார்த்தான். அந்த சீட்டை எட்டு மாதமாக யாரும் நகர்த்தவில்லை.

மெக்கானிக் புதிய வண்டியின் முன்பக்கம் போய்க் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார்.

"பாருங்க, குழியுது. எதுலயாவது லேசா மோதுனாலே மூஞ்சி மொத்தமும் நசுங்கிப் போயிரும். அது? அது பாறை சார்."

இந்தப் பேச்சு முழுவதும் தூணில் சாய்ந்திருந்தவனுக்கு மனப்பாடம். மூன்று வருடத்துக்கு முன்பு அவனே பேசியதுதான். இதே மாதிரி இரண்டு வண்டிகள். அவனுடைய மனைவி புதியதைக் கேட்டாள். அவன் ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து, பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கமாகப் பட்டியல் போட்டான். எஞ்சின், கியர், தகரத்தின் கனம், உதிரிபாகம். ஏழுக்கு மூன்று என்று பழசு ஜெயித்தது.

"சரி, உங்க இரும்பையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று அவள் சிரித்தாள்.

வாங்க வந்தவன் வண்டியைச் சுற்றி வந்தான். முன் பம்பரின் அருகே குனிந்தான்.

"எங்கயாவது அடிபட்டிருக்கா?"

மெக்கானிக்குக்குத் தெரியாது. அவர் தூணைப் பார்த்தார்.

"ஒரு தடவை" என்றான் அவன். "நின்னுக்கிட்டிருந்த லாரில."

"ஐயோ. அப்புறம்?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல."

மெக்கானிக் தன் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார். "நான் என்ன சொன்னேன்?"

அதில் பொய் இல்லை. பம்பரில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கண்ணாடிகூட உடையவில்லை. மறுபடி சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. ஆஸ்பத்திரி வரைக்கும் அவனேதான் ஓட்டிக்கொண்டு போனான். வழியில் எந்த லைட்டும் எரியவில்லை. எதுவும் கத்தவில்லை. பக்கத்தில் அவள் போட்ட பெல்ட் போட்டபடி, கண்ணை மூடிக்கொண்டு, பேசாமல் வந்தாள்.

வண்டி வாங்காத அடி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

"அப்ப இதையே முடிச்சிருவோம்" என்றான் வாங்க வந்தவன்.

உள்ளே அவன் மனைவி சும்மா பெல்ட்டை இழுத்து மாட்டிப் பார்த்தாள். கிளிக்கென்றது.

தூணை விட்டு அவன் நகர்ந்தது அப்போதுதான். நேராகப் போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"எறங்கும்மா."

அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் மெக்கானிக்கைப் பார்த்தான்.

கதவைத் திறந்தவன் புதிய வண்டியைக் கையால் காட்டினான்.

"அதை எடுத்துக்கங்க. அது நசுங்கும்."