ஒரு பல்பு மட்டும்

“உன் வீட்டுக்காரர் செஞ்ச பல்பு மறுபடியும் எரியலையாமே!”

குதிரையிலிருந்து இறங்கும்போதே புரூல் அக்கா ஆரம்பித்துவிட்டாள். சோங்-கோல் ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களுக்காக வரிசையாகக் கம்பளிக் கூடாரம் போட்டிருப்பவள். அத்தனை கூடாரத்துக்கும் சாய்காலின் கணவனிடம்தான் பல்பு வாங்குவதாக இருந்தாள்.

சாய்காலுக்கு முகம் சுருங்கிப்போனது.

தீய்ந்துபோன கார் பல்பின் கண்ணாடியை உடைத்தெடுத்து, அடிப்பாகத்தில் எல்.இ.டி.களைப் பற்றவைத்து, கார் பேட்டரியில் எரியும் புதுப் பல்பாக்கிவிடுவான் அவள் கணவன் பெக்தூர். அந்த மேய்ச்சல் வெளியில் எல்லாக் கூடாரத்திலும் அவன் பல்புதான். எரியாதது ஒன்றே ஒன்று. கல்மத் தாத்தாவினுடையது.

“தினம் சாயங்காலம் ரிப்பேர்னு போறார், தாத்தாவோட குதிரைப்பாலைக் குடிச்சுட்டு வர்றார். அதுக்குன்னே அரைகுறையா செஞ்சிருக்கார்னு எல்லாரும் சிரிக்கறாங்க. இன்னிக்கு அது எரியறதை நான் கண்ணால பார்க்கணும். இல்லேன்னா கடைப் பல்பே போதும்.”

பெக்தூர் வேலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “என் பல்பு எரியும்க்கா,” என்றான்.

சாய்கால் அவன் காதருகே குனிந்தாள். “பேட்டரியில சிவப்பு கிளிப், கறுப்பு கிளிப் இடம் மாறினா எரியறதில்லைன்னு எல்லாருக்கும் டயோடு வெச்சு மாத்திக் குடுத்தீங்களே. இப்ப எப்படி மாட்டினாலும் எரியுது. தாத்தாவுக்கு மட்டும் ஏன் மாத்தல?”

“அவருக்கு அதுதான் சரி.”

‘குதிரைப்பால் மேல அவ்வளவு ஆசையா!’ அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டப்பாவிலிருந்து ஒரு புதுப் பல்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, “வாங்கக்கா, நானே மாட்டிக் காட்டறேன்,” என்று கிளம்பினாள்.

புரூல் அக்கா குதிரைகளைக் கட்டிக்கொண்டிருக்க, சாய்கால் முன்னால் போய்த் தாத்தாவின் கூடாரக் கதவுத் துணியை விலக்கினாள்.

உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

கல்மத் தாத்தா பேட்டரி முன்னால் உட்கார்ந்திருந்தார். சிவப்பு கிளிப்பைக் கழற்றினார். கறுப்பைக் கழற்றினார். இரண்டையும் இடம் மாற்றி மாட்டினார். விளக்கு எரியவில்லை.

பிறகு, வாசலுக்கு நேர் எதிரே, விருந்தாளி உட்காரும் இடத்தில், மெத்தையை விரித்துத் தட்டிவிட்டார். தன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தை வைத்தார்.

போன வருஷம் மனைவி செத்துப்போன பிறகு, சாய்கால் கொண்டுவந்த ரொட்டியை, “நான் என்ன திக்கத்தவனா?” என்று திருப்பி அனுப்பிய மனுஷன். துணைக்கு வந்து உட்கார்ந்தவர்களையும் அப்படித்தான் விரட்டினார்.

அவளைக் கண்டதும் தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. “பார்த்தியா உன் புருஷன் வேலையை! ஒரு நாளாவது உருப்படியா எரியுதா?” என்று சத்தம் போட்டார். கண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் தேடின. “எங்கே அவன்?”

“என்ன சாய்கால், எரியுதா?” வெளியிலிருந்து புரூல் அக்காவின் குரல்.

சாய்கால் பையிலிருந்த புதுப் பல்பை இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

“எரியலக்கா. நீங்க கடைப் பல்பே வாங்கிக்குங்க,” என்றாள் நிமிர்ந்து.

பிறகு தாத்தா பக்கம் திரும்பினாள்.

“அவரை இப்பவே அனுப்பறேன் தாத்தா. பாலை ஊத்தி வைங்க.”