ஓடுபாதை முனை வீடு

“நாற்காலியை எல்லாம் கொஞ்சம் முன்னாடி இழுத்துப் போடுங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் இன்னைக்கு யாரும் எழுந்து போகக் கூடாது, சொல்லிட்டேன்” என்றாள் படகுக்காரம்மா.

ஏரிக்கு உல்லாசமாக வருகிறவர்களுக்குத் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடுகிறவள் அவள். அவளை மீறி அந்த ஏரியில் ஒரு வாத்துகூட நீந்தாது என்று ஊரில் ஒரு கேலிப் பேச்சு உண்டு.

ஊர் மன்றத்தில் எள் போட இடமில்லை. ஏரியிலிருந்து கிளம்பிய மூடுபனி ஜன்னல்கள் வழியே மெல்ல உள்ளே வந்தது. பின்வரிசைக்காரர்கள் பாதி அழித்த சித்திரம் போல் தெரிந்தார்கள்.

ஊரின் குட்டி விமான நிலையத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று விடுதிக்காரர்கள் ஒரு பக்கம். இருப்பதே போதும், அமைதிக்காகத்தானே இங்கே வருகிறார்கள் என்று மற்றவர்கள் ஒரு பக்கம். ஓடுபாதையை நீட்டினால் அதன் முனையில் இருக்கும் ஒரே ஒரு வீடு போய்விடும். அது படகுக்காரம்மாவின் வீடு.

“உங்களுக்கு நல்ல இடமா வேற வீடு கட்டித் தருவோம்மா” என்றார் வெளியூரிலிருந்து வரைபடத்தோடு வந்திருந்த பொறியாளர். “இப்ப இருக்கிற வீட்ல எப்படித்தான் தூங்குறீங்களோ! கூரைக்கு மேலேயே விமானம் இறங்குது. அந்தச் சத்தம்…”

“அதைச் சத்தம்னு சொல்லாதீங்க தம்பி” என்றாள் அவள். குரல் சட்டென்று இறங்கி, தனக்குத்தானே பேசுவது போலாயிற்று. “சாயங்காலம் ஏரி அப்படியே கண்ணாடி மாதிரி கிடக்கும். முதல்ல தூரத்துல ஒரு வண்டு பறக்கிற மாதிரி கேக்கும். அப்புறம் அலமாரியில இருக்கிற டம்ளரெல்லாம் லேசா கிணுகிணுன்னு பேச ஆரம்பிக்கும். கூரை மேல ஒரு நிழல் போகும். அப்பாடா, வந்தாச்சுன்னு அப்பதான் அடுப்பையே பத்த வைப்பேன். என்னை ஏழு தெரு தள்ளிக் கொண்டுபோய் வெச்சா எனக்கு இதெல்லாம் எப்படிக் கேக்கும்?”

யாரோ கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த, ஏரிக்கரையில் படம் எடுத்துப் பிழைக்கும் புகைப்படக்காரர், “ஜெயிச்சுட்டோம்மா” என்று காதோரம் சொன்னார்.

“நான் ஒரு வார்த்தை பேசலாமா?”

பனிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டு அவள் விருட்டென்று திரும்பினாள். கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி கேப்டன் நின்றிருந்தார். ஊருக்கு வந்து போகும் அந்த ஒற்றைக் குட்டி விமானத்தை ஓட்டுகிறவர். பனியால் இன்று விமானம் கிளம்பவில்லை. கூட்டம், பேச்சு என்றாலே காத தூரம் ஓடுகிற மனிதர்.

“கேப்டனுக்கு இங்க என்ன வேலை?” என்றாள் அவள். “வீட்ல இருக்கிறவளுக்கே பயமில்ல. மேல பறக்கிறவருக்கு என்ன வந்துச்சாம்?”

கூட்டத்தில் ஒரு சிரிப்பலை எழுந்து அடங்கியது. வெளியூர்ப் பொறியாளருக்கு மட்டும் எதற்கென்று புரியவில்லை.

“எனக்குத்தான் பயம்” என்றார் கேப்டன்.



“பனி நாள்ல மேகத்தை விட்டுக் கீழே வந்ததும் என் கண்ணுல முதல்ல படறது ரன்வே இல்ல, அந்தக் கூரைதான். கொடியில துணி காஞ்சுக்கிட்டிருக்கும். வாசல்ல நின்னு அண்ணாந்து பாக்கிறவங்க முகம்கூடத் தெரியும். ரன்வே குட்டைங்கிறதால நான் அவ்வளவு தாழ்ந்து வந்துதான் ஆகணும். அந்த நேரத்துல என் கை நடுங்குது. தினமும் நடுங்குது. இதை இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படகுக்காரம்மாவின் பக்கம் மட்டும் பார்க்கவே இல்லை.

“ரன்வே நீளட்டும். வீடு போனா போகட்டும். இன்னொரு வீடு கட்டிக்கலாம். அதுல இருக்கிற ஆளை எங்க போய்க் கட்டுறது?”

அவ்வளவுதான். பேச வந்ததைப் பேசிவிட்டுப் பனிக்குள் பின்வாங்கிவிட்டார்.

படகுக்காரம்மா உட்கார்ந்தாள். காற்றில்லாத ஏரியின் நடுவே துடுப்பைத் தவறவிட்டவள் போல் இருந்தது அவளுக்கு. மறுப்பதற்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் ஒவ்வொன்றாக எங்கோ மிதந்து போயின. கூரைக்கு மேலே போகும் அந்த நிழலுக்குள் நடுங்கும் இரண்டு கைகள் மட்டுமே கண்ணில் நின்றன.

“சரி, விமான நிலையம் பெரிசாகணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்க” என்றார் ஊர்த் தலைவர்.

விடுதிக்காரர்களின் கைகள் உயர்ந்தன. பிறகு முன்வரிசையில், துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன ஒரு கை மெதுவாக மேலே போனது. அதைக் கண்டதும் அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கை, அப்புறம் இன்னொரு கை. தலைவர் எண்ணுவதையே விட்டுவிட்டார்.

“என்னம்மா இது, நீங்களே கவுத்துட்டீங்களே!” என்று புகைப்படக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. பொறியாளர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

“அந்த கேப்டன் பேசினதாலதான் உங்க வீடு போகுது. அதுக்காக அவர் மேல கோபப்படாதீங்கம்மா. பாவம், நல்ல மனுஷனாத் தெரியுறார்.”

“கோபப்படாம?” அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். “இத்தனை வருஷமா இவ்வளவு நடுக்கத்தையும் மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு, தினமும் சாயங்காலம் ஷூவைக் கழட்டும்போது ‘பசிக்குது’ங்கிறதைத் தவிர என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே என் வீட்டுக்காரர்!”